‘எங்கே போயிருந்தீங்க?’ - காய்ச்சலோடு வருபவரிடம் டாக்டர் ஏன் இதைக் கேட்க வேண்டும்?

ஐந்து நாளாகக் காய்ச்சல். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. தட்டணுக்கள் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன. ‘வைரல் ஃபீவர்தான், ரெஸ்ட் எடுங்க’ என்று ஓர் ஊசியும் மூன்று நாளைக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் மழைக்காலம் முடியும் நேரத்தில் எந்த ஊர் மருத்துவமனையிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. இந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு பரிசோதனை உண்டு. அதற்கு ரத்தம் எடுக்க வேண்டாம், லேப் வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை. ‘போன ரெண்டு வாரத்துல எங்கே போயிருந்தீங்க? வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?’ என்று கேட்பதுதான் அது.

விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்கு வரும் நோய்களுக்கு முகவரி உண்டு. ஒரு குறிப்பிட்ட காடு, குறிப்பிட்ட மரம், குறிப்பிட்ட புதர், வருடத்தில் சில குறிப்பிட்ட மாதங்கள். அந்த முகவரி தெரிந்தால் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி. தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் அனுபவம் ஒரு பாடம்.

கொசு மருந்து அடித்தும் நிற்காத நோய்

1998-ன் கடைசியில், மலேசியாவின் ஈப்போ பகுதியில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அந்த நாட்டுக்குத் தெரிந்த மூளைக்காய்ச்சல், கொசு பரப்பும் ஜப்பானிய மூளை அழற்சி. அந்த நோய்க்கும் பன்றிக்கும் தொடர்பு உண்டு. எனவே அதுதான் இது என்று முடிவுகட்டி ஊரெங்கும் கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். ஜப்பானிய மூளை அழற்சி பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பண்ணையில் வேலை செய்யும் பெரியவர்கள். கொசு என்றால் பக்கத்துக் கம்பத்தில் வசிக்கும் மலாய் குடும்பங்களையும் கடித்திருக்க வேண்டும். பன்றியைத் தொடாத அந்த வீடுகளில் நோய் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இதற்கிடையே ஈப்போ பண்ணைகளிலிருந்து பன்றிகள் லாரியேறித் தெற்கே நெகிரி செம்பிலான் போயின. நோயும் கூடவே போனது. அங்கிருந்து சிங்கப்பூரின் இறைச்சிக் கூடங்களுக்கும் போனது. சுங்கை நிபா என்ற ஊரைச் சேர்ந்த நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தவர் சுவா காவ் பிங் என்ற இளம் ஆய்வாளர். அது நடந்தது 1999 மார்ச்சில். அதற்குப் பிறகு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் மட்டும் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்திருந்தார்கள்.

வைரஸின் சொந்த வீடு பன்றி அல்ல, பழந்தின்னி வௌவால். பண்ணைகளை ஒட்டிப் பழத்தோட்டங்கள் இருந்தன. வௌவால் கடித்துப்போட்ட பழம் பன்றித் தொழுவத்தில் விழுந்தது. மீதியை லாரிகள் பார்த்துக்கொண்டன.

கோழிக்கோட்டில் கேட்கப்பட்ட கேள்வி

இருபது வருடம் கழித்து, 2018 மே மாதம். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பரா அருகே ஓர் இளைஞர் காய்ச்சலில் இறந்துபோனார். அது ஒரு தனிச் சம்பவமாகவே கடந்துபோயிருக்கும். இரண்டு வாரத்துக்குள் அவருடைய சகோதரர் அதே மாதிரி அறிகுறிகளோடு கோழிக்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ‘வீட்டில் வேறு யாருக்கு?’ என்ற விசாரிப்பில் முதல் மரணம் தெரியவந்தது. வீட்டில் இன்னும் சிலருக்கும் காய்ச்சல். மாதிரிகள் மணிப்பால் ஆய்வகத்துக்குப் போயின. சில நாட்களில் விடை கிடைத்தது: நிபா.

அந்த முறை 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட பேராம்பரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி. நோய் பெரும்பாலும் பரவியது மருத்துவமனை வராண்டாக்களிலும் வார்டுகளிலும்தான். இரண்டாவது நோயாளியிலேயே சந்தேகம் வந்ததால் அது 17-ல் நின்றது என்றும் சொல்லலாம். 2001-ல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் இதே நோய் என்னவென்று தெரியாமலே மருத்துவமனைகளுக்குள் பரவி 45 பேரைக் கொன்றது. அது நிபா என்பது பிறகு, பாதுகாத்து வைத்திருந்த மாதிரிகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதன் பிறகு கேரளத்துக்கு நிபா வருவது வழக்கமாகிவிட்டது. 2019-ல் எர்ணாகுளம். 2021-லும் 2023-லும் மறுபடி கோழிக்கோடு. 2024-ல் மலப்புரம். 2025-ல் மலப்புரத்தோடு பாலக்காடும் சேர்ந்துகொண்டது. பாலக்காடு என்றால் கோயம்புத்தூருக்கு அடுத்த வீடு.

செக்போஸ்ட்டில் எதைப் பிடிக்கிறோம்?

கேரளத்தில் நிபா என்றதும் வாளையாறு, நாடுகாணி, பாட்டவயல் சோதனைச் சாவடிகளில் தமிழ்நாட்டு சுகாதாரப் பணியாளர்கள் நெற்றியில் வெப்பமானியைக் காட்டுவது டி.வி.யில் வரும். பார்க்க நம்பிக்கையாக இருக்கும். ஆனால், நிபா வைரஸ் உடம்புக்குள் போய்க் காய்ச்சலாக வெளியே வரப் பொதுவாக 4 முதல் 14 நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ஒருவர் எத்தனை செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் வெப்பமானி ‘நார்மல்’ என்றுதான் காட்டும். காய்ச்சல் இருப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நிபா இருக்காது. சாவடிகளில் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கை, ‘அடுத்த ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா, கேரளா போயிட்டு வந்ததை டாக்டர்கிட்ட சொல்லுங்க’ என்ற வார்த்தை - பலன் இருந்தால் இவற்றில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லையில் வெப்பமானி பிடிப்பதற்குப் பின்னால், வைரஸ் பஸ் ஏறித்தான் வரும் என்ற எண்ணம் இருக்கிறது. புனேயின் தேசிய வைரலாஜி நிறுவனம் நாடு முழுக்க வௌவால்களைச் சோதித்ததில் நிபாவுக்கான எதிர்ப்பணுக்கள் கேரளத்தில் மட்டும் கிடைக்கவில்லை. தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம், பிஹார் என்று பல மாநில வௌவால்களிலும், புதுச்சேரியிலும் கிடைத்தன. அவற்றில் பல இடங்களில் மனிதர்களுக்கு நிபா வந்ததாகப் பதிவே இல்லை.

இதைப் படித்துவிட்டு ஊர் ஆலமரத்தை வெட்டக் கிளம்ப வேண்டியதில்லை. எதிர்ப்பணு இருக்கிறது என்றால் அந்த வௌவால் எப்போதோ வைரஸைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். மரத்தை வெட்டினால் வௌவால் செத்துப்போகாது, கலைந்து நாலு ஊருக்குப் போகும். இடம் பறிபோன, பசித்த வௌவால்களிடமிருந்து வைரஸ் அதிகமாக வெளியேறும் என்பதை, நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பொது சுகாதாரக் கணக்கில் பார்த்தாலும் அந்த ஊர்க்காரர்கள் செய்வது சரியான காரியம்தான். வௌவால் கடித்த பழத்தைத் தொடாமல் இருந்தால் போதும்.

குரங்குகள் முதலில் செத்தன

வைரஸ் ஓரிடத்திலேயே இருக்கிறது, மனிதர்தான் அதன் வீட்டுக்குள் நுழைகிறார் என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் வடக்கே போக வேண்டும்.

1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. அதைத் தொடர்ந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் கடும் காய்ச்சல், தாங்க முடியாத உடல்வலி, சிலருக்கு ரத்தக்கசிவு. ஊர்க்காரர்கள் ‘மங்கன காயிலெ’ என்றார்கள். கன்னடத்தில் குரங்கு நோய் என்று பொருள். குரங்கு சாகிறதே, மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்றுதான் விஞ்ஞானிகள் முதலில் பயந்தார்கள். புனேயில் அப்போது இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் வைரஸைப் பிரித்துப் பார்த்தபோது வேறொரு ஆச்சரியம். சைபீரியக் காடுகளில் உண்ணிகள் பரப்பும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸின் சொந்தக்காரன் இது.

சைபீரியா எங்கே, சிவமொக்கா எங்கே? குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்று சந்தேகம் எழுந்தது. அதைச் சோதிக்கத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு, சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. பிற்பாடு அந்த வேலை கோடியக்கரை வரைக்கும் வந்தது. பறவைகள் மீதான பழி நிரூபணமாகவில்லை. ஆனால், இந்தியப் பறவைகளின் வலசையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதிக்கு ஒரு குரங்குக் காய்ச்சல் காரணம்.

சைபீரியப் பக்கத்து நோயை ஆராய்ந்தவர்களிடமிருந்து ஒரு கருத்து 1930-களின் இறுதியிலேயே வந்திருந்தது. சோவியத் விஞ்ஞானி யெவ்கேனி பாவ்லோவ்ஸ்கி சொன்னது இது: சில நோய்கள் மனிதர் இல்லாமலேயே ஒரு நிலப்பரப்புக்குள் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. உண்ணி, எலி, பறவை, செடிகொடி, ஈரப்பதம் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் வீடு. மனிதர் மரம் வெட்டவோ, மாடு மேய்க்கவோ உள்ளே போகும்போது மாட்டிக்கொள்கிறார்.

கியாசனூரில் அதுதான் நடந்தது. காட்டில் சிறு பாலூட்டிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வைரஸ் அது. காட்டை ஒட்டி வயலும் பாக்குத் தோட்டமும் பெருகின. மாடுகள் காட்டுக்குள் மேய்ந்தன. மாட்டுக்கு இந்த நோய் வராது, ஆனால் உண்ணிகளுக்கு அது நல்ல விருந்து. உண்ணி பெருகியது. குரங்கு ஒன்று நோய் கண்டு செத்து விழுந்தால், அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிச் சருகில் பரவும். அந்தச் சருகைத்தான் தொழுவத்துக்கும் தோட்டத்துக்கும் கூடையில் அள்ளிக்கொண்டு போவார்கள். டிசம்பரிலிருந்து மே வரை, சருகு காய்ந்து கிடக்கும் மாதங்களே நோயின் மாதங்களும். வந்தவர்களில் 100-க்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து இல்லை. பல ஆண்டுகளாகப் போடப்பட்ட பழைய தடுப்பூசியும் போதிய பலன் தரவில்லை என்று நிறுத்தப்பட்டு, புதியதை உருவாக்கும் வேலை நடக்கிறது.

மூன்று மாநிலம், ஒரே காடு

ஐம்பது வருடத்துக்கும் மேல் இது கர்நாடகத்தின் ஐந்து மாவட்டத்துப் பிரச்சினையாகவே இருந்தது. அல்லது அப்படி எல்லோரும் நினைத்தார்கள். 2012 கடைசியில் பந்திப்பூர் காட்டில் குரங்குகள் செத்தன. சடலங்களைக் கையாண்ட வனத் தொழிலாளர்கள் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். அதே காலத்தில் நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் இருந்தது தெரிந்தது. 2013-ல் வயநாடு. 2015-ல் வயநாட்டில் நூறு பேர் அளவுக்குப் பாதிப்பு. அதே ஆண்டு கோவா, அடுத்த ஆண்டு மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க். கோவாவிலும் சிந்துதுர்க்கிலும் மாட்டிக்கொண்டவர்கள் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கப் போனவர்கள்.

வைரஸ் மலைத்தொடரோடு தெற்கும் வடக்கும் நகர்ந்ததா, இல்லை எப்போதுமே அங்கெல்லாம் இருந்து இப்போதுதான் தேடப்பட்டதா? இரண்டும் கலந்தே இருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் பதில். மேப்பைப் பார்த்தால் ஆச்சரியப்பட ஏதுமில்லை. முதுமலை தமிழ்நாடு, பந்திப்பூர் கர்நாடகம், முத்தங்கா கேரளம் என்பதெல்லாம் போர்டில் எழுதியிருப்பது. யானைக்கும் குரங்குக்கும் அது ஒரே காடு.

ஆனால், காய்ச்சல் கணக்கு மாவட்ட வாரியாக எழுதப்படுகிறது. அதுகூடப் பெரிய சிக்கல் இல்லை, மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளலாம். ஒரே மாவட்டத்துக்குள் நடப்பதுதான் கவலைக்குரியது. குரங்கு செத்துக் கிடப்பதை முதலில் பார்ப்பவர் வேட்டைத் தடுப்புக் காவலர். அவர் தகவல் வனத்துறைக்குப் போகும். மாட்டின் மேல் உண்ணி ஏறிக் கிடப்பதைப் பார்ப்பவர் கால்நடை மருத்துவர். அது அவர் துறையின் பதிவேட்டுக்குப் போகும். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு வரும் பழங்குடிப் பெண்ணைப் பார்ப்பவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். மூன்று பேரும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்களைக் கையில் வைத்திருக்கிறார்கள், ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரியாமல். ‘ஒன் ஹெல்த்’ என்று இப்போது மாநாடு மாநாடாகப் பேசப்படுவது இதை இணைக்கும் வேலையைத்தான். நாக்பூரில் தேசிய அளவில் ஒரு நிறுவனமே வருகிறது. கூடலூரில் செத்த குரங்கைப் பற்றி அந்தக் காவலர் யாருக்கு ஒரு போன் போட வேண்டும் என்பது எழுதி ஒட்டப்பட்டிருந்தால், அதில் பாதி அங்கேயே நடந்துவிடும்.

பெயரில் இருக்கும் குழப்பம்

இந்த இடத்தில் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கியாசனூர் நோயைத் தமிழில் ‘குரங்குக் காய்ச்சல்’ என்கிறோம். அதைப் பரப்புவது உண்ணி. குரங்கு நம்மைப் போலவே அதற்குப் பலியாகும் பிராணி, அவ்வளவுதான். ‘ஸ்கிரப் டைபஸ்’ நோயைத் தமிழில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிறார்கள். அதைப் பரப்புவது நாய், மாடு மேல் பார்க்கும் உண்ணி இல்லை. கண்ணுக்கே தெரியாத வேறொரு சிறு பூச்சி. குரங்கு அம்மை என்பது இரண்டோடும் சம்பந்தமில்லாத மூன்றாவது சங்கதி. வீட்டு நாய்க்கு உண்ணி எடுத்துவிட்டோம், இனி உண்ணிக் காய்ச்சல் வராது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

செய்தியாகாத காய்ச்சல்

இந்த ஸ்கிரப் டைபஸ்தான் முதல் பத்தியில் வந்த நோயாளிக்கு இருந்திருக்கக்கூடியது. நிபாவுக்கு பிரேக்கிங் நியூஸ் வரும். குரங்குக் காய்ச்சலுக்கு ஓரளவு செய்தி வரும். தமிழ்நாட்டில் இவை இரண்டையும்விடப் பல மடங்கு பேரைத் தொடும் இதற்குப் பெரும்பாலும் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி.

ஜப்பானில் ‘சுட்சுகமுஷி’ என்று பழங்காலத்திலிருந்து அறியப்பட்ட நோய் இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக் காடுகளில் நின்ற வீரர்களை வாட்டி எடுத்தது. வடக்கே ஜப்பான், மேற்கே பாகிஸ்தான், தெற்கே ஆஸ்திரேலியா என்று மூன்று முனை வைத்து ‘சுட்சுகமுஷி முக்கோணம்’ என்று மேப்பில் கோடு போட்டார்கள். அதற்கு வெளியே இந்த நோய் இல்லை என்பது வெகுகாலப் பாடம். 2006-ல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுத் தீவொன்றிலிருந்து நோயாளி ஒருவர் பதிவாகி அந்தக் கோட்டை அழித்துவிட்டார். நோய் மேப்புகள் பலவும் எங்கே தேடினோம் என்பதன் மேப்புகள்தான்.

இந்தியாவும் அப்படித்தான் ஏமாந்தது. இடையில் பல ஆண்டுகள் இது காணாமல்போன நோய் மாதிரி கருதப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் காரணம் தெரியாத காய்ச்சல்களுக்கு நடுவே மறுபடி இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். தேடத் தொடங்கியதும் கிடைத்தது. நிறையவே கிடைத்தது. வேலூர் வட்டாரத்தில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2025-ல் வெளியானது. ஆண்டுக்கு 10 சதவீதம் பேர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்றது அது. பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறது. ஒரு பகுதிக்குக் காய்ச்சல். அதில் சிலருக்கு நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று இறங்கிவிடுகிறது.

இதன் வீடு அடர்ந்த காடு அல்ல. வயல் வரப்பு, புதர் மண்டிய காலி மனை, வைக்கோல்போர் ஓரம், எலி நடமாடும் கொல்லைப்புறம். ‘சிகர்’ எனப்படும் இளம் பூச்சி மட்டும்தான் கடிக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது சாப்பிடத் தேடுவது எலியை. நாம் குறுக்கே உட்கார்ந்தால் நம்மைக் கடிக்கிறது. கிருமியைத் தாய்ப்பூச்சியே முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுவதால் எலிகளைக் கொன்றால் மட்டும் போகாது. இந்தப் பூச்சிகள் எல்லா இடத்திலும் சீராகப் பரவியிருப்பதும் இல்லை. ஒரு வரப்பில் ஆயிரக்கணக்கில் இருக்கும், பத்தடி தள்ளி ஒன்றுகூட இருக்காது. இதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வந்து, அடுத்த வீட்டுக்கு வராமல் போகிறது.

‘இது கிராமத்து நோய்தானே’ என்று தோன்றலாம். 2025-ன் தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை விடுத்த எச்சரிக்கையில் சென்னையும் செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் இருந்தன. புறநகரில் புதிதாக லேஅவுட் போட்ட இடங்களை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். பத்து மனையில் ஒரு வீடு எழும்பியிருக்கும். மற்ற ஒன்பதிலும் இடுப்பளவு புதர். குப்பை, எலி, மழை ஈரம். அந்தப் புதர் ஓரமாகத்தான் காலையில் வாக்கிங்.

மருந்து ஐம்பது ரூபாய்கூட ஆகாது

நிபாவுக்கு இன்னும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. குரங்குக் காய்ச்சலுக்கும் இல்லை. ஸ்கிரப் டைபஸுக்கு இருக்கிறது. டாக்ஸிசைக்ளின். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும், பழைய, மலிவான மாத்திரை. அசித்ரோமைசினும் வேலை செய்யும். சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும்.

இத்தனை சுலபம் என்றால் ஏன் சாகிறார்கள்? இங்கேதான் அந்தக் கேள்வியின் விலை தெரிகிறது. காய்ச்சலுக்குப் பழக்கமாகப் போடப்படும் பென்சிலின் வகை மாத்திரைகளும், பெரிய மருத்துவமனைகளில் ஏற்றப்படும் செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஊசிகளும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நோயாளி ‘ஆன்டிபயாடிக் போயிட்டு இருக்கு’ என்ற நிம்மதியில் படுத்திருப்பார். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனையும் முதல் சில நாட்களில் பிடித்துக்கொடுக்காது, எதிர்ப்பணு உருவாக நேரம் வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் பொன்னான நாட்கள் போய்விடும். அதனால்தான் சந்தேகம் வந்தவுடனேயே மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

முற்றிப்போனால் செலவு எங்கோ போய்விடும். வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று அது காட்டியது. உலகத்துக்கே இப்போது அது வழிகாட்டி. ஆனால், அது வெண்டிலேட்டர் வரை போனவர்களுக்கான பதில். ஐந்தாம் நாள் தெருமுனைக் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும் மாத்திரை. அது அவருக்குக் கிடைப்பதும் கிடைக்காததும், டாக்டருக்கு ஸ்கிரப் டைபஸ் ஞாபகம் வருவதைப் பொறுத்தது.

ஞாபகப்படுத்த ஓர் அடையாளம் உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு. எல்லோருக்கும் வராது. வந்தாலும் வலிக்காது, அரிக்காது. அது இருக்கும் இடமும் அப்படி: அக்குள், இடுப்பு, பாவாடை நாடா அல்லது பெல்ட் இறுகும் இடம், மார்பின் கீழ், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால். சட்டையைக் கழற்றாமல், சேலையை விலக்காமல் தெரியாது. வெளியே முப்பது பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில், ஒரு திரைகூட இல்லாத அறையில், ஆண் டாக்டர் ஒரு பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பார்? அந்தப் பெண்தான் எப்படிக் காட்டுவார்? ஒரு திரைச்சீலையும் ஒரு செவிலியரும் இருந்தால் பிடிபட்டிருக்கும் நோய்கள் இப்படித்தான் தப்பிப்போகின்றன.

அடுத்த முறை காய்ச்சல் வந்தால்

நோயாளி தன் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது உண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும் தானாகச் சொல்லிவிடலாம். வார இறுதியில் வயநாட்டுக்கோ குடகுக்கோ டிரெக்கிங் போனது, ஊருக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து போட்டோ எடுத்தது, வீட்டுக்குப் பக்கத்து காலி மனையைச் சுத்தம் செய்தது, வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தது (அது எலிக்காய்ச்சல் எனும் லெப்டோ பக்கம் இழுக்கும்), வீட்டில் இன்னொருவருக்கும் காய்ச்சல் இருந்தது. ‘இதெல்லாம் எதுக்கு டாக்டருக்கு’ என்று விட்டுவிடும் விவரங்கள்தான் இவை. குளிக்கும்போது கண்ணாடி முன் ஒரு நிமிடம் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. டாக்ஸிசைக்ளினைத் தானாக வாங்கி விழுங்குவது மட்டும் வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதைக் கொடுப்பது என்று டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல அடித்தளம் இருக்கிறது. மற்ற மாநிலங்களுக்கு முன்பே, 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. மருத்துவமனைகளிலிருந்து தனியாக, நோய் வராமல் தடுப்பதற்கென்றே ஒரு துறை இங்கே நூறு ஆண்டுகளாக இயங்குகிறது. கொசுப் புழு தேட வீடு வீடாக ஆள் போகிறார்கள், காய்ச்சல் கணக்கு தினமும் மேலே போகிறது. அந்தக் கணக்கில் வயது இருக்கும், பாலினம் இருக்கும், நோயாளியின் முகவரி இருக்கும். பூச்சி கடித்த இடத்தின் முகவரிக்குத்தான் இன்னும் போதிய இடமில்லை. தாம்பரத்துக்காரருக்கு நோய் வந்தது திருவண்ணாமலை வயலில் என்றால், மருந்து தெளிக்கும் வண்டி தாம்பரத்துக்கே போகும்.

ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை இங்கே ஸ்கிரப் டைபஸ் உச்சத்தில் இருக்கும். அது முடிவதற்குள், டிசம்பரில், மலையில் குரங்குக் காய்ச்சலின் மாதங்கள் தொடங்கிவிடும். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே கக்கநல்லா சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஊட்டிக்குப் போகும் கார்கள் வரிசையில் நிற்கும். மேலே மரக்கிளையில் குரங்குகள் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தாவிக்கொண்டிருக்கும்.